வடக்குப் பக்கம் தேவையில்லை

ஓய்வு பெற்றோர் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம். முப்பத்து மூன்று வருஷம் கண்ட்ரோல் டவரில் உட்கார்ந்திருந்தவன் நான். பழைய டவரை விட்டுப் புது டவருக்குப் போனபோது பொறுப்பில் இருந்தவனும் நானே. அந்த அனுபவத்தை எழுதிக் கொடுத்தால் இப்போது டெண்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று சொன்னார்கள். உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நானே பலமுறை முதலிலிருந்து அடுக்கிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் தப்பு வேறொரு ஆளிடம் போய் நிற்கிறது. தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன். படிக்கிறவர்களில் யாருக்காவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். வடசென்னைக் கடலோரத்தில் ஒன்று, அவ்வளவுதான். டவர் என்றதும் விமான நிலையத்தை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. துறைமுகத்துக்கும் டவர் உண்டு. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் ரேடியோவில் கூப்பிடும். கால்வாயில் வேறு கப்பல் வருகிறதா, உள்ளே இடம் காலியா என்று பார்த்து அனுமதி சொல்வோம். உள்ளேயிருந்து கிளம்பும் கப்பலுக்கும் அப்படியே. கப்பலை ஓட்டிக்கொண்டு போக நம் துறைமுகத்து பைலட் ஒருவர் ஏறியிருப்பார். அவருக்கு நாங்கள்தான் கண். சொன்னதையும் கேட்டதையும் நிமிஷக் கணக்கோடு லாக் புத்தகத்தில் எழுத வேண்டும்.

நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்துச் சம்பளம் வாங்கினேனே தவிர அதில் இறங்கியது கிடையாது. ஆறு மாதம் பயிற்சி. கொடி, விளக்கு, ரேடியோ, விதிப் புத்தகம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் பாதி நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே புழக்கத்தில் இல்லை. பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றை டவரில் ஏறிய முதல் நாள் சீனியர் சொன்னார்.

"கப்பல் கயிறு அவுத்துச்சின்னா வடக்குக் கதவ சாத்திடு. கப்பல் வாய தாண்டி வெளிய போனப்பறம் தொற."

எங்கள் அறை எட்டுப் பக்கம் கொண்டது. ஏழு பக்கம் கண்ணாடி. வடக்குப் பக்கம் மட்டும் ஒரு குட்டி பால்கனிக்குப் போகிற இரட்டைக் கதவு. மரக்கதவு, ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. வெளிப்பக்கம் சிவப்பு ஆக்சைடு பெயின்ட் அடித்திருக்கும். உள்பக்கமாகத் திறக்கும். நிலக்கரித் தூசு வராமலிருக்கத்தான் சாத்தச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாத்தினேன், திறந்தேன். காற்று அடங்கிக் கிடக்கிற நாளிலும் ஏன் சாத்துகிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்படி ரெண்டு வருஷம்.

ஒருநாள் கேட் கேன்டீன் வாசலில் நண்டு கொண்டுவந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை என்று பேர். வடக்கே உள்ள குப்பத்துக்காரர், என் வயசுதான் இருக்கும்.

"நீ தானே கதவு சாரு?" என்றார்.

"இன்னா கதவு?"

"அய்யே, மேல செவப்பு கதவு! உன்ன நம்பித்தான சார் நாங்க பூந்து வர்றோம்."

அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வடக்கேயிருந்து பைபர் போட்டில் வருகிறவர்களுக்குத் துறைமுகத்தின் வாய், அதாவது கப்பல் வந்து போகிற திறப்பு, தெரியாது. அலைத்தடுப்புக் கல்லும் அதற்குப் பின்னால் குவித்த நிலக்கரியும் மறைத்துவிடும். உள்ளேயிருந்து கிளம்பும் கப்பல் மூக்கை நீட்டும்போதுதான் கண்ணில் படும். அப்போது திருப்ப நேரமிருக்காது. ஆனால் டவரின் உச்சி எங்கேயிருந்தும் தெரியும். வெள்ளைச் சுவரில் சிவப்பு தெரிந்தால் கல்லோரமாக நின்றுகொள்வார்கள். கறுப்பாகப் பொந்து தெரிந்தால் வாயைக் கடந்து தெற்கே போவார்கள்.

யார் இதை ஆரம்பித்தது என்று சீனியர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. உத்தரவு கிடையாது, பைல் கிடையாது, விதிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் எந்த ஷிஃப்டிலும் யாரும் தவறவிட்டதில்லை. ரேடியோவில் பேசிக்கொண்டே ஒரு காலால் கதவைத் தள்ளிச் சாத்துகிற அளவுக்கு எங்கள் உடம்பில் ஊறிப் போயிருந்தது.

பழைய டவரைப் பற்றி யாரும் உருக வேண்டாம். அது ஒரு சனியன். மழை பெய்தால் லாக் புத்தகத்துக்குக் குடை பிடிப்போம். கூரையிலிருந்து சிமென்ட் பாளம் பாளமாக விழும். ஒருமுறை என் சோற்று டப்பாவிலேயே விழுந்தது. கழிப்பறை கீழே இருந்தது, நடுவில் தொண்ணூற்றாறு படி. என் ரெண்டு முட்டியும் போனது அந்தப் படியில்தான். சிவில் துறை வருஷா வருஷம் வந்து தட்டிப் பார்த்து, உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டுப் போகும். நாங்கள் உபயோகித்துக்கொண்டே இருப்போம்.

என் சர்வீஸின் கடைசி வருஷங்களில்தான் புது டவருக்கு அனுமதி வந்தது. அரசாங்கத்தில் ஒரு கட்டடம் எப்படி எழும்புகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதலில் பயன்படுத்துகிற துறை என்னென்ன வேண்டும் என்று பட்டியல் தர வேண்டும். அதை வைத்து வரைபடம், அதை வைத்து மதிப்பீடு, அதற்கு ஒப்புதல், பிறகு டெண்டர். பட்டியலை நான்தான் எழுதினேன். எத்தனை நாற்காலி, எத்தனை ரேடியோ, எத்தனை பிளக் பாயின்ட், எந்தெந்தப் பக்கம் பார்வை வேண்டும் என்று நாலு பக்கம். விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். கால்வாய், நங்கூரம் போடும் இடம், மிதவைகள், கப்பல் நிறுத்தும் தளங்கள், எல்லாம் வந்துவிட்டன. எல்லாமே கிழக்கிலும் தெற்கிலும் இருந்தன.

முதல் டெண்டருக்கு ஒரே ஒரு ஆள்தான் வந்தார், ரத்து செய்தார்கள். ரெண்டாவதில் எடுத்தவர் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிவிட்டுக் காணாமல் போனார். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று தவளை கத்தியது. மூன்றாவது டெண்டர் போட்டபோது எங்களுக்கு நம்பிக்கையே போய்விட்டது.

இங்கே கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் துறைத் தலைவர். தூத்துக்குடிப் பக்கம். கப்பலில் கேப்டனாக இருந்துவிட்டு வந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். பிளேடை வைத்து மெதுவாக, ஊசி மாதிரி வரும்வரை சீவுவார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். எந்தக் கடிதத்தையும் அந்தப் பென்சிலால்தான் திருத்துவார். ஒரு சொல்லின் மேல் கோடு போடுவார், நம்மைப் பார்ப்பார், "இது ரூல்ல எங்க இருக்கு?" என்பார். எங்கேயும் இல்லை என்றால் அந்தச் சொல் போய்விடும். அவர் கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதமும் எந்தத் தணிக்கையிலும் மாட்டியதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. இதைச் சும்மா சொல்லவில்லை.

டெண்டர் எடுக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே சந்தேகம் கேட்கலாம். பதிலை எழுத்தில் தர வேண்டும். தந்துவிட்டால் அதுவும் ஒப்பந்தத்தில் ஒரு பகுதி. மூன்றாவது டெண்டரில் முப்பதுக்கு மேல் கேள்விகள் வந்தன. பதினேழாவது கேள்வி இது: "தற்போதைய டவரில் வடக்குப் பக்கம் கதவு உள்ளது. புதிய வரைபடத்தில் வடக்குப் பக்கம் லிஃப்ட், கழிப்பறை, ஏ.சி. அறை ஆகியவை உள்ளன. வடக்குப் பக்கம் பணி சார்ந்த பார்வை தேவையா? உறுதி செய்யவும்."

யாரோ ஒரு கம்பெனி இன்ஜினியர், முகம் தெரியாதவர், வந்து சுற்றிப் பார்த்தபோது கதவைக் கவனித்திருக்கிறார். எங்கள் பட்டியலில் நான் எழுதாததை அவர் கேட்டிருக்கிறார். அவரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தேவை என்று எழுதிக்கொண்டு போனேன். சிறு படகுகள் கடப்பதால் வடக்குப் பார்வை வேண்டும் என்று ரெண்டு வரி. கேப்டன் படித்தார். பென்சிலை எடுத்தார். சீவவில்லை.

"படகுகளைப் பாக்கறது நம்ம வேலையா?"

"பழக்கமா பாத்துக்கிட்டு வர்றோம் சார்."

"ரூல்ல எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"நம்ம வேலைன்னு இன்னைக்கு எழுதிட்டோம்னா, நாளைக்கு ஒரு படகுக்கு ஏதாவது ஆனா முதல்ல உங்களத்தான் கேப்பாங்க. அனுமதியில்லாம ஒரு சிக்னல் குடுத்துக்கிட்டு இருந்தீங்கன்னு வரும். உங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் வரும். அது போக, வரைபடத்த மாத்தணும்னா டெண்டர திரும்பவும் போடணும். நாலாவது தடவை. நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடியுமா?" இதைச் சொல்லிவிட்டு எனக்கு டீ சொன்னார். "யோசிச்சு நீங்களே எழுதுங்க" என்று காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். இன்னொரு மழைக்காலம் அந்த ஓட்டைக் கூரையில். இன்னும் ஒரு வருஷம் தொண்ணூற்றாறு படி. புது டவரில் லிஃப்ட் உண்டு, ஏ.சி. உண்டு, கழிப்பறை அறைக்குப் பக்கத்திலேயே. ரெண்டு வரியை அடித்துவிட்டு, "வடக்குப் பக்கம் பணி சார்ந்த தேவை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேப்டனுக்குப் பயந்து எழுதினேனா, எங்கள் ஆட்களைக் காப்பாற்ற எழுதினேனா, என் முட்டிக்காக எழுதினேனா? இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. மூன்றுமே உண்மையாக இருக்கலாம்.

டவர் ஒருவழியாக எழும்பியது. மாறிப் போவதற்கு ஒரு வாரம் முன்பு ஏழுமலை கேட்டில் பிடித்துக்கொண்டார். அவருடைய மச்சான் முனுசாமியும் கூட இருந்தான், மனைவியின் தம்பி. படகில் ஏழுமலை இன்ஜின் பக்கம், முனுசாமி முன்னால். கதவைப் பார்த்துச் சொல்கிற வேலை அவனுடையது.

"புதுசுல கதவு எந்தப் பக்கம் சார் கீது?" என்றார் ஏழுமலை.

"அங்க கதவு கிடையாது. கண்ணாடிதான்."

"அப்ப நாங்க இன்னாத்த பாக்கறது?"

"பாத்துக்கலாம்" என்றேன்.

பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. நான் உண்மையாகவே பார்த்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். மாறிய பிறகு ஒரு விடுமுறை நாளில் குப்பத்துக்குப் போய், இனிமேல் கதவை நம்பாதீர்கள் என்று எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இருபது நிமிஷ பஸ்தான்.

மாறிய நாள் காலையில் பழைய டவரிலிருந்து கடைசியாக ஒரு கப்பலை வெளியே அனுப்பினேன். கயிறு அவிழ்த்ததும் கதவைச் சாத்தினேன். கப்பல் வாயைத் தாண்டியதும் திறந்தேன். சாமான் பட்டியலைச் சரிபார்த்தேன், "அறையில் பொருள் எதுவும் மீதம் இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன், அறையைப் பூட்டி சாவியை சிவில் துறை உதவிப் பொறியாளரிடம் கொடுத்தேன். கீழே மாலையும் மேளமுமாகப் புது டவருக்கு விழா நடந்துகொண்டிருந்தது. நானும் போய்க் கேசரி சாப்பிட்டேன்.

ரெண்டு நாள் கழித்து ரோட்டிலிருந்து பழைய டவரை அண்ணாந்து பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. ஆளில்லாத டவர் கடலைப் பார்த்து, வழி காலி, வழி காலி என்று ராத்திரி பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திறந்து வைத்தது என் கை.

சாவி கேட்டு உதவிப் பொறியாளரிடம் போனேன். நல்ல பையன்தான். "ஒப்படைச்ச கட்டடம் சார். இடிக்கறதுக்கு டெண்டர் போயிட்டிருக்கு. லெட்டர் குடுங்க, காரணம் போட்டு" என்றான். என்ன காரணம் போடுவது? கதவைச் சாத்த வேண்டும் என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பக்கமே தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான். பழைய லாக் புத்தகம் ஒன்றை உள்ளே மறந்து வைத்துவிட்டேன் என்று பொய் எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் பதில் வந்தது. ஒப்படைப்புப் பட்டியலின்படி பொருள் எதுவும் மீதம் இல்லாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. என் கையெழுத்தையே நகல் எடுத்து இணைத்திருந்தார்கள்.

சிரிப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய்விடலாம் என்றிருந்தேன். ஞாயிறு ஒருவர் லீவு போட்டார், நான் டியூட்டி பார்த்தேன். அடுத்த வார விடுமுறைக்கு முதல் நாள்தான் அது நடந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். நிலக்கரி இறக்கிவிட்டுக் காலியாகப் போகிற கப்பல். பைலட் ரேடியோவில், வெளியே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ரேடாரைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பைபர் போட் ரேடாரில் தெரியாது. "எதுவும் இல்லை, போகலாம்" என்றேன். கயிறு அவிழ்த்தார்கள். பழக்கத்தில் நான் எழுந்து வடக்குப் பக்கம் போனேன். எதிரில் கழிப்பறைக் கதவு. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதற்கு வந்தோம் என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சங்கு கேட்டது. குட்டையாக ஐந்து தடவை. ஆபத்து என்று அர்த்தம். எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியவில்லை. கழிப்பறைக்குள் ஓடி, கம்மோடு மேல் ஏறி, வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தேன். வானமும் நிலக்கரிக் குவியலின் முனையும்தான் தெரிந்தன. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். ஓடும்போது பழைய டவரைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

கப்பல் மோதிய படகு ஏழுமலையுடையது. முனுசாமியை இழுவைப் படகுக்காரர்கள் உயிரோடு தூக்கினார்கள். ஏழுமலை சாயங்காலம்தான் கிடைத்தார், உயிரில்லாமல்.

இன்னொன்று எனக்கு விளங்கவே இல்லை. அன்று மாலை குப்பமே கரையில் நின்று தேடிக்கொண்டிருந்தபோது பழைய டவரின் கதவு சாத்தியிருந்தது. சிவப்பு நன்றாகத் தெரிந்தது. காற்று சாத்தியதா? ஆள் சாத்தியதா? உதவிப் பொறியாளரைக் கேட்டேன். "சாவி என் டிராயர்லதான் சார் இருக்கு" என்றான். கேப்டனைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இடிக்கிற வரைக்கும் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

விசாரணை நடந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், பக்கத்தில் கேப்டன், ஓரமாக ஒரு டைப்பிஸ்ட். படகுகளுக்கு டவரிலிருந்து ஏதாவது சிக்னல் உண்டா என்று அதிகாரி கேட்டார். நான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. "ஒரு கதவு இருந்துச்சு சார். சாத்துவோம், திறப்போம். அத பாத்து வருவாங்க."

டைப்பிஸ்ட் நிறுத்திவிட்டுக் கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: "அங்கீகரிக்கப்பட்ட சிக்னலா?"

"இல்ல சார்."

டைப் அடித்து என் முன்னால் வைத்தார்கள். "படகுகளுக்கென அங்கீகரிக்கப்பட்ட சமிக்ஞை முறை எதுவும் டவரில் இல்லை" என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் படித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன். படகு விதியை மீறிக் கால்வாயில் நுழைந்தது என்று முடித்துவிட்டார்கள். ஐந்து மாதத்தில் நான் சால்வை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். பேசியவர்கள் எல்லோரும் என் சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது என்றார்கள்.

ஏழுமலையின் மனைவி கஸ்தூரி திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அது எனக்குத் தெரியாது. என் வீடு தேரடிப் பக்கம், ஓய்வுக்குப் பிறகு மீன் வாங்குகிற வேலை எனக்கு வந்தது. வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "டவர் சாரு தானே நீ?" என்றாள். அப்புறம் அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள்.

"எந்தம்பியாலதான் சார் எம்புருசன் போனாரு. கதவு தொறந்து இருந்துச்சின்னு அன்னிக்கு சொன்னான், பொய்யி. முப்பது வருசமா கப்பல் நவுறும்போது கதவு தொறந்து கெடந்தது கெடையாது. அன்னிக்கு சாய்ந்தரம் நாங்க அத்தினி பேரும் பாத்தோம், செவப்பாத்தான் இருந்துச்சு. குட்சிட்டு தூங்கிட்டான் சார். ஊர்ல ஒருத்தரும் அவன் கூட பேசறதில்ல. எனுக்கு அவன் செத்துட்டான்."

மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் நான் அந்த மார்க்கெட் பக்கமே போகவில்லை. ராயபுரம் வரை போய் மீன் வாங்கினேன். வீட்டில் கேட்டதற்கு அங்கேதான் நன்றாக இருக்கிறது என்றேன். கேவலம்தான். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் இந்தப் பிழைப்பு எனக்கே தாங்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். வாடிக்கை ஓய்கிறவரை நின்றேன்.

"உன் தம்பி சொன்னது நெசம்மா" என்றேன். "கதவு திறந்துதான் இருந்துச்சு. நான்தான் திறந்து வெச்சிட்டுப் போனேன். சங்கு ஊதினப்பறம் ஓடிவந்து என் கண்ணால பாத்தேன்."

அவள் என்னைத் திட்டுவாள், கத்தியை வீசுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் கையைக் கழுவினாள். கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளினாள். "வா. அவன் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லு" என்றாள்.

முனுசாமி கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். மாதவரத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் காவல் வேலை. பஸ்ஸில் கஸ்தூரி என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மூணு வருசம் ஆச்சி சார், ஒரு வார்த்த பேசல அவன்கிட்ட" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். தலை நரைத்திருந்தது. நான் மார்க்கெட்டில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவன் சந்தோஷப்படுவான், அழுவான், என் சட்டையைப் பிடிப்பான் என்று பஸ்ஸில் என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பாக்கவே இல்ல சார்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"குடிக்கல, தூங்கல. வலையில நண்டு சிக்கிக்கினு இருந்துச்சு, குனிஞ்சி எடுத்துக்கினு இருந்தேன். நீ பாத்துக்கலாம்னு சொன்னத நம்பி பழைய கதவத்தான் பாத்துக்கினு இருந்தோம். மாமா கேட்டாரு, கதவு இன்னாடா கீதுன்னு. நிமிரல சார். தொறந்துதான் கீது மாமா, போன்னுட்டேன். தெனிக்கும் தொறந்துதானே இருக்குதுன்னு சொல்ட்டேன். அத்தொட்டுதான் அக்கா திட்டனப்ப எதுத்துப் பேசல."

கஸ்தூரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திரும்பி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். இவனைக் காப்பாற்ற வந்து இவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது. திறந்து வைத்தது நான், பார்க்காமல் சொன்னது இவன். யார் தப்பு என்று அந்த இடத்தில் எனக்குச் சுத்தமாகக் குழம்பிவிட்டது.

முனுசாமி என் கையைப் பிடித்தான். "சார், ஒண்ணு கேக்கறேன். நான் நிமிந்து பாத்திருந்தா இன்னா தெரிஞ்சிருக்கும்?"

"திறந்துதான் தெரிஞ்சிருக்கும்."

"பாத்துட்டு சொல்லியிருந்தாலும் தொறந்து கீதுன்னுதான் சொல்லியிருப்பேன்?"

"ஆமா."

"போயிருப்போம்?"

"போயிருப்பீங்க முனுசாமி."

அவன் என் கையை விடவில்லை. "அத அக்காவுக்குக் கேக்கற மாரி சொல்லு சார்" என்றான்.

அவள் அதற்குள் ரெண்டு லாரி தாண்டிப் போயிருந்தாள். பக்கத்தில் ஒரு டிரெய்லர் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஒருநாளும் குரலை உயர்த்தாத நான், அந்தச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினேன்.

"அவன் பாத்திருந்தாலும் கதவு தெறந்துதாம்மா கெடந்திருக்கும்! தெறந்து வெச்சது நான்! அவன் இல்ல, நான்!"

கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நின்றாள்.